வடக்குப் பக்கம்

எதிர்த்த டீக்கடைக்காரருக்கு ஈவு இரக்கம் என்பதே கிடையாது. இங்கே பந்தலுக்குள் ஐந்து பேர் காலையிலிருந்து வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அவர் மூன்று மணிக்கே வாழைக்காய் பஜ்ஜி போட ஆரம்பித்துவிட்டார். எண்ணெய் வாசனை நேராக மேடைக்கு வருகிறது. மேடை என்றால் நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேலே ஜமுக்காளம் விரித்தது. முதுகுக்குப் பின்னால் துணியில் 'எங்கள் ரயிலை எங்களுக்குத் திருப்பிக் கொடு' என்று சிவப்பில் எழுதியிருக்கிறது, அந்த வாசகம் நான் போட்டது. காலையில் போட்ட சம்பங்கி மாலை வாடிக் கழுத்தை அரிக்கிறது, கழற்றினால் நன்றாக இருக்காது என்று மில்லுக்காரர் சொல்லிவிட்டார். மில்லுக்காரர் என்றால் ரத்தினசபாபதி, எங்கள் ரயில் மீட்புக் குழுவுக்குத் தலைவர். நான் செயலாளர். அவர் இரண்டு தடவை பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் போனார், இரண்டாவது தடவை திரும்பி வரும்போது மீசையில் குளுக்கோஸ் ஒட்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அடக்கமாட்டாமல் சிரித்திருப்பேன். நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, பசியும்கூட சரியாக வரவில்லை. முன்வரிசையில் பவுனு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

பவுனம்மாள் என்று முழுப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள், ஊருக்கே பவுனுதான். மீன் மார்க்கெட்டில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து வருகிறவர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுக்கிறாள். இன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அவள் போகவில்லை, அவளோடு அந்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வேலைக்குப் போகவில்லை, பந்தலில் இருக்கிற கூட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அந்தப் பக்கம் என்றால் இதோ இந்தப் பழைய ஸ்டேஷனுக்கு வடக்குப் பக்கம். ரயில் நின்று, தண்டவாளத்தையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தை வெட்டித் திருத்திக் கட்டிக்கொண்ட வீடுகள். எல்லாமே ரயில்வே இடம். பவுனு வீட்டு வாசற்படி ஒரு சிலீப்பர் கட்டை, ஆணி இறங்கின ஓட்டைகள்கூட அப்படியே இருக்கும். துணி காயப்போடுகிற கம்பியின் ஒரு நுனி பழைய கைகாட்டிக் கம்பத்தில் கட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்குள் போனால் சுவரோரம் ஒரு டீ பாய்லர் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறது. பழையது, பித்தளை, யாரோ கடையை மூடிவிட்டுப் போகும்போது வாங்கி வைத்தாள். ரயில் வந்தால் வாசலிலேயே ஸ்டேஷன், மீன் நாற்றத்தை விட்டுவிட்டு டீக்கடை போட்டுவிடலாம் என்று அவளுக்கு யோசனை. அவளுக்கு யோசனையா? சொன்னது நான்தான். "பிளாட்பாரத்துக்கு எதுத்தாப்ல டீக்கடை போட்டா நீதான் பவுனு இந்த ஊருக்கு முதலாளி" என்று சொன்னேன், சொல்லிவிட்டு மறந்துவிட்டேன், அடுத்த தடவை போகும்போது பாய்லர் இருந்தது.

நேற்று மத்தியானம் ரயில்வே அதிகாரி போன் பண்ணினார். சாப்பிட்டுக் கையைக்கூடக் கழுவவில்லை, இடது கையால் எடுத்தேன். "மேடம், நல்ல சேதி. உங்க லைனு அனேகமா பாஸ் ஆயிடும். அடுத்த வாரம் அளந்து கல்லு நட ஆளுங்க வருவாங்க. பிளாட்பாரம் எல்லாம் வடக்குப் பக்கமே எடுத்துக்கறோம், அங்க இருக்கறவங்களே ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டாங்கள்ல, நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க" என்றார். நான் என்ன சொன்னேன்? ரொம்ப சந்தோஷம் சார் என்று சொன்னேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதை இல்லை என்று எப்படிச் சொல்வது, பத்து வருஷத்துக்கு மேல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று நின்று கால் வீங்கினவள் நான். அப்புறம்தான் வீடுகள் என்ன ஆகும் என்று கேட்டேன். சந்தோஷப்பட்டு முடித்த பிறகுதான் கேட்டேன். "அதுக்கென்ன மேடம், நோட்டீஸ் குடுத்து எடுத்துருவோம்" என்றார். பல் டாக்டர் சொல்கிற மாதிரி சொன்னார். மாற்று இடம் ஏதாவது தருவார்களா என்று கேட்டதற்கு, அது எங்கள் வேலை இல்லை, அதைக் கலெக்டரிடம் கேளுங்கள் என்றார். கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டது. உடனே மில்லுக்காரரிடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, "நாளைக்கு உண்ணாவிரதம் முடியற வரைக்கும் வாயத் தொறந்துடாதீங்கம்மா. நாம பட்டினி கெடந்துதான் ரயில் வந்துச்சுன்னு இருக்கட்டுமே" என்றார். ஆக நாங்கள் ஐந்து பேரும் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிற ரயில் ஏற்கெனவே கிடைத்தாகிவிட்டது. மைக்கில் ஒருவர் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மைக் அவ்வப்போது கீச்சென்று கத்துகிறது, ஒவ்வொரு தடவையும் யாரோ என் பெயரைச் சொல்லிவிட்ட மாதிரி தூக்கிவாரிப் போடுகிறது.

நேற்றுதான் எனக்குத் தெரியும். இதை நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், மாலை போடும்போது சொன்னேன், கோஷம் போடும்போது உள்ளுக்குள் சொன்னேன், நேற்று மத்தியானம்தானே தெரியும், ஒரு நாள்கூட ஆகவில்லையே, ஒரு நாள் பொறுத்துச் சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது. சின்னப் பிள்ளை பொய் சொல்லிவிட்டு அதையே பிடித்துக்கொண்டு நிற்குமே அப்படித்தான் நிற்கிறேன். அந்த அதிகாரி போன மாதம் இங்கே நேரில் வந்தாரே, அன்றைக்கு? அன்றைக்கு வெயில் கொளுத்தியது. இந்த ஸ்டேஷன் வாசலில்தான் நின்றார், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். புது பிளாட்பாரம் நீளமாக வரும், இரண்டு லைன் போடணும், ஒரு பக்கம் எடுத்தாகணும் என்றார். வடக்கே வீடுகள். தெற்கே மில்லுக்காரருடைய நெல் குடோன், அதுவும் ரயில்வே இடத்தில் கட்டினதுதான், ஊருக்கே தெரியும், யாரும் சொல்வதில்லை. "எந்தப் பக்கம் எடுத்தா தகராறு கம்மி?" என்று அதிகாரி கேட்டார். மில்லுக்காரர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், ஒரு பார்வை. இந்தப் பந்தல், இந்த மைக், சுவரெல்லாம் ஒட்டின போஸ்டர், டெல்லிக்குப் போய்வந்த டிக்கெட், எல்லாம் அவர் பணம், அத்தனையும் அந்தப் பார்வைக்குள் இருந்தது. நான் சொன்னேன், "வாங்க சார், வெயில்ல நிக்காதீங்க, நம்ம பவுனு வீட்ல ஒரு டீ சாப்பிடலாம்" என்று. வடக்குப் பக்கமாகத் திரும்பி நடந்தேன். ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. டீ சாப்பிடக் கூப்பிட்டேன்.

பவுனு பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் கண்ணாடித் தம்ளர் வாங்கிவந்தாள். எவர்சில்வரில் கொடுத்தால் ஆபீசருக்குக் கை சுடுமாம். நான் முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருந்த வாக்கியத்தைக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள், "ரயிலுக்காவ நாங்க என்னா வேணும்னாலும் விட்டுக்குடுப்போம் சார்." பேப்பரில் போட்டோவோடு வந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். ஆக்கிரமிப்பு இருக்கிறது, ஆக்கிரமிப்பு இருக்கிறது என்று சொல்லித்தானே ஒவ்வொரு தடவையும் ரயிலை இல்லை என்றார்கள், அங்கே குடியிருக்கிறவர்களே ரயில் வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வார்கள் பார்க்கலாம் என்று எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம். அதிகாரி டீயைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பவுனுக்கு மட்டும்தான் புரியவில்லை. அவள் அவருக்கு இன்னொரு டீ ஊற்றினாள்.

ஒரு தடவை கேட்டார்கள். பவுனு இல்லை, அவள் அடுத்த வீட்டுக்காரி சாரதாம்பாள், இப்போது மூன்றாவது வரிசையில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தூங்கி விழுகிறாளே அவள். "ரயிலு வந்தா எங்கள எழுப்பிவுட்டுற மாட்டாங்களே?" என்றாள். நான் சிரித்தேன். இன்சூரன்ஸ் ஏஜென்டின் சிரிப்பு அது, இருபது வருஷத்துப் பழக்கம். செத்துப்போனால் என்று நாங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லவே மாட்டோம், ஏதாவது ஒண்ணு ஆயிட்டா என்போம், கை காலை இழந்தால் என்று சொல்லமாட்டோம், எதிர்பாராம ஒரு சூழ்நிலை வந்தா என்போம். சாரதாம்பாளிடம் "உங்க வீடு வரைக்கும் எதுக்கு வரப்போறாங்க" என்றேன். கேள்வியாகத்தான் சொன்னேன், பதிலாகச் சொல்லவில்லை, பிறகு யாரும் என்னைப் பிடிக்க முடியாது. இப்போதும் மனசு அந்த மாதிரி வார்த்தைகளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் இடம் தேவைப்படும் பவுனு. ஒரு சின்ன மாற்றம் வரும்போலத் தெரியுது பவுனு. மாற்று இடத்துக்கு ஏற்பாடு பண்ணலாம் பவுனு. எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் வீடு இடிகிறது. அந்த சிலீப்பர் கட்டைப் படி பெயர்ந்து கிடக்கிறது. பாய்லரைத் தெருவில் வைத்துவிட்டு அவள் நிற்கிறாள், அவள் பொண்ணு கலைமதி புத்தகப் பையோடு பக்கத்தில் நிற்கிறாள். ஜங்ஷனில் நர்சிங் படிக்கிறாள் அவள், விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிறாள், ரயில் வந்தால் உட்கார்ந்து படித்துக்கொண்டே போவாள் என்று பவுனு போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் எதற்காக இந்த ரயிலைக் கேட்கிறேன்? எனக்கு ரயிலில் போக வேண்டிய ஊர் ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் போகிற தூரத்துக்கு மேல் என்னை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. முன்பெல்லாம் தெருவில் நான் எதிரே வந்தால் ஆட்கள் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவார்கள், பாலிசி போடச் சொல்வேன் என்று. கல்யாண வீட்டில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். ரயில் மீட்புக் குழு என்று ஆரம்பித்த பிறகு 'ரயிலு வசுமதி' ஆனேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள், போகப் போக மரியாதையாகிவிட்டது. டீக்கடையில் எனக்காக எழுந்து இடம் கொடுக்கிறார்கள். முதல் ரயில் வரும்போது என்ஜினுக்கு மாலை போடுகிறது யார் என்று மில்லுக்காரருக்கும் எனக்கும் இப்போதே ஒரு சின்ன உரசல் உண்டு. அந்த மாலையை நான் கனவில் எத்தனையோ தடவை போட்டுவிட்டேன். அந்தக் கனவில் ரயில் வடக்குப் பக்கமாகத்தான் வந்து நின்றது. அங்கே வீடுகள் இருந்தனவா என்று நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்படி நினைக்கும்போது அழுகை வருகிறது, மேடையில் அழுதால் ரயிலுக்காக அழுகிறேன் என்று கை தட்டுவார்கள், அந்தக் கைதட்டலை நினைத்தால் அழுகை நின்றுவிடுகிறது.

பவுனு எழுந்து வருகிறாள். மேடைக்குப் பக்கத்தில் வந்து என் காதோரம் குனிகிறாள். "யக்கா, சூசுக்கு எலுமிச்சங்கா பிழிஞ்சாச்சு. ஒங்களுக்கு சீனி தூக்கலா போடவா, உப்புப் போடவா?" அவள்தான் எங்களுக்குப் பழரசம் கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைக்கப் போகிறாள். வழக்கமாக அரசியல் கட்சி ஆள் யாராவது கடைசி நேரத்தில் காரில் வந்து கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போவார். இந்தத் தடவை பொதுமக்களில் ஒருவர் கொடுக்கட்டும், பவுனு கொடுக்கட்டும் என்று குழுக் கூட்டத்தில் சொன்னது நான். ஆகா என்றார்கள். அவளுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அப்போதே எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. வீட்டுக்குப் பதிலாக ஒரு மேடை. "எனக்கு எதுவா இருந்தாலும் சரி பவுனு" என்கிறேன். "அப்ப சீனியே தூக்கலா போடுறேன், மொகம் வாடிப்போய்க் கெடக்கு ஒங்களுக்கு" என்கிறாள். இப்போதே சொல்லிவிடலாம், காது பக்கத்தில்தான் இருக்கிறது, யாருக்கும் கேட்காது. சொன்னால் அவள் திரும்பி நடப்பாள், சாரதாம்பாள் விழித்துக்கொள்வாள், ஒவ்வொருத்தியாக எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போவார்கள், பந்தலில் நாற்காலிகள் மட்டும் இருக்கும், நாளைக்குப் பேப்பரில் அதுதான் வரும். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அவள் வீட்டுக்குப் போய், சாவகாசமாக, கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று ஒரு வழியோடு சேர்த்துச் சொல்லலாம். நாளைக்கு நாளைக்கு என்று என்னிடம் சொல்கிற வாடிக்கையாளரை நான் எப்படிப் பயமுறுத்துவேன்! நாளைக்கு நம்ம கையிலயா சார் இருக்கு என்பேன். பவுனு இறங்கிப் போய்விட்டாள். அவள் போன பிறகும் அவள் குனிந்து நின்ற இடத்தில் சந்தன சோப்பு வாசனை நிற்கிறது.

ஐந்து மணி. மைக்கில் பவுனம்மாள் அவர்களை அழைக்கிறோம் என்கிறார்கள், அவர்கள் என்றதும் கீழே பெண்கள் சிரிக்கிறார்கள். தட்டில் ஐந்து தம்ளரை ஏந்திக்கொண்டு ஏறுகிறாள். ரெண்டு வார்த்தை பேசு என்று மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடிக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான், நான் சொல்லிக் கொடுத்தது. "ரயிலுக்காவ நாங்க என்னா வேணும்னாலும் விட்டுக்குடுப்போம்." கைதட்டல். சாரதாம்பாள் தட்டுகிறாள். மில்லுக்காரர் எல்லாரையும்விட ஓங்கித் தட்டுகிறார். பவுனு எனக்கு நேராக வந்து நின்று தம்ளரை எடுத்து நீட்டுகிறாள். குடிக்கக் கூடாது, இதைக் குடிக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு தெளிவாக வருகிறது. என் கை எழும்பவில்லை. அவள் முகம் மாறுகிறது. குரலைத் தாழ்த்தி, "நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டேங்க்கா, எலுமிச்சந் தோலு வச்சுத் தேச்சேன், நாறாது" என்கிறாள். ஐயோ. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. மீன் ஆய்கிற கையால் கொடுத்தாள் என்று வசுமதியம்மா வாங்கவில்லை என்றுதான் ஊர் நினைக்கும், அவளும் சாகிற வரைக்கும் அதைத்தான் நினைப்பாள். தம்ளரை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்து ஒரே மடக்கில் குடிக்கிறேன். இனிப்பு. காலியான வயிற்றில் அது இறங்குகிற வழியெல்லாம் தெரிகிறது. பவுனு முகம் மலர்ந்துவிட்டது.

தம்ளரை வாங்கக் கையை நீட்டுகிறாள். நான் தம்ளரைக் கொடுக்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். ஏன் இப்போது, ஏன் குடித்த பிறகு, தெரியவில்லை, இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு இரவு என்னால் முடியாது என்று மட்டும் தெரிகிறது. "பவுனு, ரயில் வருது. உங்க வீட்டை இடிக்கப் போறாங்க. வடக்குப் பக்கம் மொத்தத்தையும்." அந்த வார்த்தைதான் வந்தது, இடிப்பது என்கிற வார்த்தை. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், முகத்துக்குச் சேதி போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. "எப்பத் தெரியும்?" என்கிறாள். "நேத்து" என்கிறேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, என் கண்ணையே பார்க்கிறாள். "இல்ல, அந்த ஆபீசர் வந்தாரே, உங்க வீட்ல டீ குடிச்சாரே, அன்னிக்கே" என்கிறேன். மில்லுக்காரர் பக்கத்தில் வாயைத் திறந்து தயாராக உட்கார்ந்திருக்கிறார், அவர் முறை அடுத்து.

பவுனு என் விரலை ஒவ்வொன்றாகத் தன் மணிக்கட்டிலிருந்து எடுத்துவிடுகிறாள். கோபமாக எடுக்கவில்லை. காலித் தம்ளரை வாங்கித் தட்டில் வைக்கிறாள். "குடிக்கறதுக்கு முன்ன சொல்லியிருக்கலாம்லக்கா" என்கிறாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதி நாலு தம்ளர் இருக்கிற தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி மேடையை விட்டு இறங்குகிறாள். மில்லுக்காரர் நீட்டின கையோடு, "ஏம்மா, எங்களுக்கு?" என்கிறார். அவள் திரும்பவில்லை. நேராக மூன்றாவது வரிசைக்குப் போய் சாரதாம்பாளிடம் குனிந்து ஏதோ சொல்கிறாள். சாரதாம்பாள் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிறாள். ஒவ்வொரு தலையாக நிமிர்கிறது, அத்தனை பேரும் மேடையைப் பார்க்கிறார்கள், மில்லுக்காரரை யாரும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறார்கள். நான் வாயைத் துடைத்துக்கொள்கிறேன். உதட்டில் சீனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பவுனு நிறையவே போட்டிருந்தாள்.